உள்ளே தள்ளியிருந்த சோக்கு

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக எங்கள் ஊரில் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். சங்கரன்கோவில் எவ்வளவு சத்தமான ஊர் என்பது அன்றைக்குத்தான் தெரியும். என் பட்டறைக்குப் பின்தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தத் தடதடப்புக்குள் பிறந்து வளர்ந்ததால் என் காதுக்கு அது சத்தமே இல்லை. அது நின்றால்தான் காதில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பள்ளத்துக்குள் ஒரு கயிறு இழுபடும். சர்ரென்று ஒரு இழுப்பு. கயிறு சுருண்டு உள்ளே போகும். மறுபடியும் ஒரு இழுப்பு. கூடவே ஓர் ஆண்குரல், மேயப் போன கன்றைக் கூப்பிடுகிற மாதிரி: "வா மக்கா, வா."

அந்தக் குரலுக்கு உரியவரை நான் ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன்.

நான் சின்ன இன்ஜின்கள் பார்க்கிறவன். பருத்திக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர், மண்ணெண்ணெய் பம்புசெட், புல் வெட்டுகிற மிஷின். ராயகிரி, பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயிகள் சாக்கில் கட்டிக் கொண்டு வருவார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த வருடமே பட்டறைக்கு வந்துவிட்டேன். கை வேலை வந்தது, பேச்சு வரவில்லை. வந்தவர் முகத்தைப் பார்த்து இன்னது கோளாறு, இன்னது மாற்றினேன் என்று நாலு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். கழற்றி மாற்றிய பழைய சாமானை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு இன்ஜினிலேயே கட்டிவிடுவேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாரும் செய்வதுதான் அது. சாமானை உண்மையாகவே மாற்றியிருக்கிறோம் என்பதற்குச் சாட்சி. மற்ற மெக்கானிக்குகள் கவரையும் கொடுப்பார்கள், வாயாலும் சொல்வார்கள். நான் கவரோடு நிறுத்திக்கொள்வேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் சந்தைக்கு வாரத்தில் மூன்று நாள் மினி வேனில் மீன் கொண்டுவருகிற ஒருவர் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். வேனில் ஏதாவது மக்கர் என்றால் என் பட்டறையில்தான் நிறுத்துவார். ஒரு நாள் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வே மெக்கானிக்கு, கடல் சாமான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். பயந்துராதீரும்."

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் ஈரச் சாக்கு போர்த்திப் படுத்திருந்தது, படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். பழையது. கேரளாவில் இரண்டு கை மாறி வந்தது என்றார். அவர்கள் ஊரில் மிஷின் பார்க்கிறவர் துபாய்க்குப் போய்விட்டாராம்.

"எனக்குக் கடல் மிஷின் பழக்கம் கெடையாதே அண்ணாச்சி" என்றேன்.

"கார்பரேட்டரு கார்பரேட்டருதானவே. கடல்ல கெடந்தா மீனாவா ஆயிரும்?"

தம்பிதான் படகுக்காரர். அகன்ற ஆள். சிரிக்கும்போது தோள் இரண்டும் சேர்ந்து ஆடும். அவர் கோளாறைச் சொன்னார்: "காலையில சோக்கை இழுத்தா பிடிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. ஒரு நாள் மூணு இழுப்புல பிடிக்கு, ஒரு நாள் முப்பது இழுத்தாலும் சும்மா கெடக்கு. பிடிச்சாலும் கெழவன் மாதிரி இருமுது."

சோக்கு என்பது கார்பரேட்டரின் வாயில் இருக்கிற ஒரு வட்டத் தகடு. ஒரு ரூபாய்க் காசு அளவுதான். வெளியே உள்ள குமிழை இழுத்தால் தகடு வாயை மூடும். காற்று குறைந்து எண்ணெய் கூடுதலாக உள்ளே போகும். குளிர்ந்து கிடக்கிற இன்ஜின் எழுந்துகொள்ளும். எழுந்த உடனே குமிழை உள்ளே தள்ளித் தகட்டைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் இன்ஜின் எண்ணெயிலேயே மூழ்கி நின்றுபோகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் எழாது.

எண்ணெய்க் குழாயைப் பார்த்தேன், ஒழுகவில்லை. பிளக்கில் பொறி நன்றாக விழுந்தது. அப்புறம் முன்மூடியைக் கழற்றி, தம்பியைக் குமிழை இழுத்து இழுத்துத் தள்ளச் சொல்லி, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். தகடு ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தண்டோடு பிடித்திருந்தவை இரண்டு பித்தளை ஸ்க்ரூ, கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்று தேய்ந்து தளர்ந்திருந்தது. நான் திருகியபோது தலை கையோடு வந்துவிட்டது.

அதற்குள் பட்டறை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சத்தம் போட்டார்: "ஏலே, சங்கரன்கோவில்ல கப்பல் வுடுதாவ! டிக்கெட் எங்கன குடுக்காவன்னு கேளுங்கலே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்துத் தேடியதில் அந்த அளவில் பித்தளை கிடைக்கவில்லை. ஒரு ஸ்பிரேயரிலிருந்து கழற்றிப் போட்ட இரும்பு ஸ்க்ரூ கிடைத்தது. அளவு அச்சாகப் பொருந்தியது. பித்தளையைவிட இரும்பு உறுதிதானே என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால், அந்த மோட்டாரில் வெளியே தெரிந்த ஒரு ஆணிகூட இரும்பு இல்லை. அது என் கண்ணில் பட்டது. ஏன் இப்படி என்று யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் முற்றத்தில் கிடக்கிற இரும்பு ஆணி மூன்று வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

நீலநிற டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டினோம். தம்பி இடது காலை டிரம்மில் ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தார். இழுக்கும்போதெல்லாம் தாழ்ந்த குரலில், "வா மக்கா, வா" என்றார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் சுவர்வரை அடித்தது. கூட்டம் கை தட்டியது. அவர் முகத்தில் தெறித்த தண்ணீரை நக்கிப் பார்த்து, "உப்பே இல்லாம ஓடுது அண்ணாச்சி, பாக்கவே பாவமா இருக்கு" என்று தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன கோளாறு?" என்று கேட்டார்.

"தகடு ஆடுச்சு. சரியாப் போச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். உடைந்த பித்தளையைக் கவரில் போட்டுக் கைப்பிடியில் கட்டினேன். அவர் அதை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "இந்தப் பொடிப்பயதானா எம் மூச்சை வாங்குனது" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியைக் கழற்றி, வாயைக் காட்டி, இந்தத் தகடு என்றைக்காவது மாட்டிக்கொண்டால் விரலால் தள்ளிவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று போல்ட், ஒரு விரல். கூட்டம் நின்றதால் சொல்லவில்லை. கூட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

அடுத்த ஆனி மாதம். மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று தொடங்கியிருந்தது. எங்கள் ஊரில் அது புழுதியைத்தான் கிளப்பும். தறிக்கூடத்துக் கூரையில் தகரம் படபடக்கும். இரண்டு வாரமாக மீன் வேன் வரவில்லை. டீக்கடைக்காரர்தான் செய்தி கேட்டு வந்து சொன்னார். அன்று அவர் கேலி பேசவில்லை.

"மீன்காரரு தம்பி போயிட்டாராம்வே. தனியா கடலுக்குப் போயிருக்காரு. திரும்பும்போது மிஷின் ஸ்டார்ட் ஆவலையாம். தூரத்துல இன்னொரு வள்ளத்துக்காரன் பாத்திருக்கான், இவரு கயிறை இழுத்துக்கிட்டே இருந்திருக்காரு. எப்பவும் போல பிடிச்சிரும்னு நெனச்சு அவன் பாட்டுக்குப் போயிட்டானாம். காத்து நடுக்கடலுக்குத் தள்ளிட்டுப் போயிட்டு."

மூன்று நாள் கழித்துப் படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. மோட்டார் கட்டின கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கிடைக்கவில்லை.

அந்த மாதத்து மின்தடை நாளில்தான் முதன்முதலில் கயிற்றுச் சத்தம் கேட்டது. யாரோ ஸ்பிரேயரை இழுத்துப் பார்க்கிறார்கள் என்று எழுந்து வெளியே வந்தேன். தெருவில் ஆள் இல்லை. வெயில் மட்டும் நின்றது. எங்கள் தெருவில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகிற இந்தக் காற்றுதான் கிழக்கே போய்க் கடலில் இறங்குகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பட்டறையைக் கடந்துதான் அது அவரிடம் போயிருக்கிறது.

மீன்காரர் மறுபடி வர ஆரம்பித்தார். "வே" என்று உரிமையோடு கூப்பிடுவதை விட்டுவிட்டார். நான் வேனைச் சரிசெய்வேன், கவரைக் கட்டுவேன். அந்த மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்க ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பேன். ஒரு வருடம் முழுக்க அந்தக் கேள்வி நாக்கிலேயே கிடந்தது.

மறு வருடம் அதே ஆனியில், ஒரு மின்தடை நாளில், அவரே அதைக் கொண்டு வந்து இறக்கினார். வேனின் முன்சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினாள்.

"இதை ஓட வச்சுக் குடுங்க. விக்கணும். படகு கெடச்ச அன்னைக்கே, துருப்பிடிக்காம இருக்க, பிளக்கைக் கழட்டி டீசல் ஊத்தி வச்சோம். கார்பரேட்டரை யாரும் தொடல" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "இது தம்பி வீட்டுக்காரி. உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம். நாங்க எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. நான் மீனை எறக்கிட்டு வாரேன்."

ஸ்டூலை வாசல் வெளிச்சத்தில் எடுத்துப் போட்டேன். அவள் உட்கார்ந்தாள். தறிகள் நின்றிருந்ததால் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அண்ணாச்சி, இது மண்ணெண்ணெயில ஸ்டார்ட் ஆவுமா?"

"ஓடும் தாயி. குளுந்து கெடந்தா பெட்ரோல் ஊத்தித்தான் எழுப்பணும். அப்புறம் மண்ணெண்ணெயில ஓடும்."

"அதுதான. பெட்ரோல் பாட்டிலை நான்தான் ரொப்பிக் குடுப்பேன்." அவள் மோட்டாரைப் பார்த்தே பேசினாள். "வீட்டுல ரெண்டும் ஒரே மாதிரி கேன். பெட்ரோல் கேன் கழுத்துல செவப்பு நூலு கட்டியிருப்பேன். அன்னைக்கு விடியுமுன்னே, கரண்டு இல்ல. கைய வச்சுத் தடவிப் பாத்தா நூலு எதுலயும் இல்ல. அவுந்து விழுந்துட்டு. மோந்து பாத்தேன். எனக்கு அன்னைக்குச் சளி. ஒரு வாடையும் தெரியல. இதுவாத்தான் இருக்கும்னு ஊத்திக் குடுத்துட்டேன்."

"காலையில ஸ்டார்ட் ஆச்சுல்லா?"

"எல்லாரும் அதைத்தான் சொல்லுதாவ. முந்தின நாளு பெட்ரோல் கொஞ்சம் அதுக்கு வயித்துல கெடந்திருக்கும்லா, அதுல ஸ்டார்ட் ஆயிருக்கும். திரும்பி வரும்போதுதான பாட்டிலு வேணும்?" அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "பாட்டிலு கடல்ல போயிட்டு. நீங்க தெறந்து பாத்துச் சொல்லுங்க. நான் மண்ணெண்ணெயையா குடுத்து அனுப்புனேன்?"

அவள் சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். என் வேலையில்தான் பிழையோ என்று நான் ஒரு வருடமாக வைத்திருந்த பயம் ஒன்று, அவள் வைத்திருந்த பயம் இன்னொன்று; இரண்டும் ஒரே மோட்டாருக்குள் கிடந்தன. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். 

முதலில் கண்ணில் பட்டது குமிழ். முழுசாக உள்ளே தள்ளியிருந்தது. அப்படியென்றால் தகடு திறந்திருக்க வேண்டும். மூன்று போல்ட்டையும் கழற்றி மூடியை எடுத்தேன். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்குள் தகடு வாயை அடைத்துக் கிடந்தது.

குமிழை இழுத்தேன், தள்ளினேன். தண்டு சுற்றியது, தகடு அசையவில்லை. ஒருபக்கத்துப் பித்தளை ஸ்க்ரூவை மட்டும் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் நழுவிக் குறுக்கே சிக்கியிருந்தது. அந்த மறுபக்கத்தில் என் இரும்பு ஸ்க்ரூ இருந்த இடத்தில் செங்கல் தூள் மாதிரித் துரு. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்பும் துருவும் அவள் தினமும் பார்க்கிறவை. நான் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, கடல் தண்ணி இறங்கிவிட்டது என்று சொன்னால் போதும். அதுவும் பொய் இல்லை.

"இதையும் கேக்கணும்னு இருந்தேன்" என்று அவள் மடியிலிருந்து எதையோ எடுத்தாள். "இது என்ன அண்ணாச்சி? அவிய சட்டைப் பையிலயே வச்சிருந்தாவ. தொவைக்கப் போட்டாலும் எடுத்து வச்சிருவாவ. கடலுக்குப் போவும்போது மட்டும் வீட்டுல வச்சிட்டுப் போவாவ."

என் கவர். நான் போட்ட முடிச்சு. உள்ளே உடைந்த பித்தளை, தலை தனியாக, தண்டு தனியாக. இத்தனை நாள் என் வாயாக இருந்த கவர், எதையும் சொல்லாமல் அந்த வீட்டில் கிடந்திருக்கிறது.

நான் தரையில் உட்கார்ந்தேன். கார்பரேட்டரின் வாய் அவளுக்குத் தெரிகிறபடி மோட்டாரைத் திருப்பி வைத்தேன்.

"இது இதுக்குள்ள இருந்தது தாயி. உடைஞ்சிட்டு. நான் இதுக்குப் பதிலா இரும்பைப் போட்டுட்டேன். உப்புத் தண்ணியில இரும்பு நிக்காதுன்னு எனக்குத் தெரியாது. அது அரிச்சுப் போயித் தகடு கழண்டு வாயை அடைச்சிட்டு. அவிய சோக்கை உள்ள தள்ளித்தான் இருக்காவ, பாருங்க. சரியாத்தான் செஞ்சிருக்காவ. உள்ள தகடு தெறக்கல. அது அவியளுக்குத் தெரிய வழியில்ல."

அவ்வளவு நீளமாக என் வாழ்க்கையில் யாரிடமும் பேசியதில்லை.

"அப்ப எம் பாட்டிலு?"

"பாட்டில்ல பெட்ரோல்தான் இருந்திருக்கும்."

"உறுதியாச் சொல்லுதீங்களா?"

உறுதியாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மூன்று நாள் கடலுக்குள் கிடந்து, ஒரு வருடம் உப்போடு இருந்த மோட்டார். அந்த ஸ்க்ரூ அவர் உயிரோடு இருந்தபோது அரித்ததா, பிறகு அரித்ததா என்பதை எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. தகடு படகு கவிழ்ந்தபோது நழுவியிருக்கலாம். குமிழைக் கரையில் யாராவது தள்ளியிருக்கலாம். பாட்டிலில் மண்ணெண்ணெயே இருந்திருக்கலாம். அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறுதி தாயி."

அவள் கவரை மறுபடி மடியில் முடிந்துகொண்டாள். அழவில்லை. பிறகு மோட்டாரின் கயிற்றுப் பிடியைத் தொட்டுப் பார்த்து, "எத்தனை தடவை இழுத்திருப்பாவ?" என்று கேட்டாள்.

நான் கழற்றிய போல்ட்டுகளைப் பொறுக்கி மூடிக்குள் போட்டேன்.

மீன்காரர் திரும்பி வந்தார். "அத்தான், பாட்டிலால இல்லையாம்" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேன் சக்கரத்தில் சாய்ந்து குந்தினார்.

"நாந்தானவே இங்கன கொண்டாந்தேன்" என்றார். ஒரு வருடம் கழித்து அன்றைக்குத்தான் "வே" என்றார். "கார்பரேட்டரு கார்பரேட்டருதான்னு சொன்னேனே. நீரு சொல்லாமலாவது இருந்திருக்கலாம்லா."

"இவிய சொன்னதுதான் சரி அத்தான்" என்று அவள் எழுந்தாள். என்னிடம் திரும்பினாள். "பித்தளையில போட்டுக் குடுங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல மிஷினாப் போவணும்."

பித்தளை ஸ்க்ரூவைக் கடற்கரைக் கடையிலிருந்து மீன்காரரே வாங்கி வந்தார். என் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுப் போனார். கார்பரேட்டரை மூன்று தடவை பிரித்துக் கழுவினேன். புது பேரிங், புது பிளக். ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டினேன். டீக்கடைக்காரர் கடைக்குள்ளேயே நின்றார். வாசலில் யாரும் கூடவில்லை. முதலில் மூடியைக் கழற்றி, தகட்டைக் காட்டி, மாட்டிக்கொண்டால் எந்த விரலால் எப்படித் தள்ள வேண்டும் என்று இருவருக்கும் செய்து காட்டினேன். வாங்குகிறவருக்கும் இதைக் காட்டுங்கள் என்றேன்.

நான் கயிற்றைப் பிடிக்கப் போனபோது அவள் முன்னால் வந்தாள். சோக்கை இழுத்தாள். சேலையைச் செருகி, இடது காலை டிரம்மில் ஊன்றினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் இழுப்பு சும்மா போனது. இரண்டாவதில் ஒரு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அவளே குமிழை உள்ளே தள்ளினாள். தண்ணீர் சுவரில் அடித்தது. கொஞ்ச நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மூணு" என்றாள். அணைக்கச் சொன்னாள். வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த மோட்டார் யாரிடம் போனது என்று எனக்குத் தெரியாது. மீன்காரர் இப்போதும் சந்தைக்கு வருகிறார். வேனை வேறு பட்டறையில் விடுகிறார். நான் கவர் கட்டுவதை விடவில்லை. கட்டிவிட்டு, அதில் இருப்பது என்ன, அதற்குப் பதிலாக நான் போட்டது என்ன என்று வாயாலும் சொல்லிவிடுகிறேன். சிலர் இவன் ஏன் இத்தனை பேசுகிறான் என்பதுபோல் பார்ப்பார்கள்.

மின்தடை நாளில் மட்டும், தறிகள் நிற்பதற்கு முன்பே ஏதாவது ஒரு இன்ஜினை ஓட விட்டுவிடுவேன். ஸ்பிரேயரோ பம்புசெட்டோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. போன மாதம் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்னவே, காலையில இருந்து சும்மா ஓட்டுதீரு? எண்ணெ என்ன ஆத்துலயா வருது?"

"ஓடுதான்னு பாக்கேன் அண்ணாச்சி."

"அதுதான் ஓடுதே!"

அவர் போன பிறகும் நான் அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி கயிற்றை இழுத்துத்தான் எழுப்ப வேண்டும்.